புயல் கரையைக் கடந்த பிறகு

"புயல் கரையைக் கடந்தது" என்று பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் போட்டவுடன் நமது ஜனங்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தங்கள் தங்கள் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கடற்கரையில் இருப்பவர் படகு என்ன ஆயிற்று என்று ஓடுகிறார். சென்னையில் இருப்பவர் மின்சாரம் எப்போது வரும் என்று கேட்கிறார். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இருப்பவரோ, "நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு நாள் தூறல் விழும், ஏரிக்கு நல்லது" என்று சொல்லித் திண்ணையில் சாய்ந்துகொள்கிறார். இதற்காக அவரைக் குறை சொல்வதற்கில்லை. புயல் என்பது கடற்கரைக்காரன் சமாசாரம் என்றே பள்ளிக்கூடமும் பத்திரிகையும் சர்க்காரும் அவருக்கு வெகு காலமாகச் சொல்லி வந்திருக்கின்றன. அந்த எண்ணம் எவ்வளவு பொய்யானது என்பதை 2024ஆம் வருஷம் டிசம்பர் மாதத்து முதல் இரண்டு நாட்கள் காட்டிவிட்டன. ஐப்பசி கார்த்திகை வந்தால் மறுபடியும் பத்திரிகையில் அதே கொட்டை எழுத்து வரும். ஜனங்களும் அதே பெருமூச்சை விடுவார்கள். ஆகவே, நடந்ததை மறப்பதற்கு முன் ஒரு தடவையாவது யோசித்துப் பார்க்கவேண்டுமென்றே இதை எழுதுகின்றோம்.

அவ்வருஷம் நவம்பர் 30ந் தேதி இரவு 'பெஞ்சல்' என்று பேர் வைக்கப்பட்ட புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறிற்று. காற்றின் வேகம் மணிக்கு 70, 80 கிலோமீட்டர். புயல்களின் கணக்கில் இது பெரிய புயலே அல்ல. ஆனால் கரை ஏறியது நகர மாட்டேன் என்று பல மணி நேரம் புதுச்சேரி மேலேயே படுத்துக்கொண்டது. விழுப்புரம் ஜில்லா மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிற்று. இது கடற்கரையை ஒட்டிய பிரதேசம். இதுவரைக்கும் எல்லோரும் எதிர்பார்த்ததுதான்.

மறுநாள் டிசம்பர் 1ந் தேதி வானிலை அறிக்கை புயல் வலுவிழந்துவிட்டது என்றது. முதலில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், பிறகு தாழ்வு மண்டலம், அதற்குப் பிறகு வெறும் தாழ்வுப் பகுதி என்று அதற்கு ஒவ்வொரு பட்டமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பட்டம் குறைந்துகொண்டு வந்த அந்த ஒரு பகல் ஒரு இரவுக்குள்தான், கடலிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் உள்ளே இருக்கிற கிருஷ்ணகிரி ஜில்லா ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. புயல் முழுப் பலத்தோடு கரை ஏறியபோது மயிலத்திற்கு எவ்வளவோ, புயல் 'செத்த' பிறகு ஊத்தங்கரைக்கும் அவ்வளவு! அரூரில் 33 சென்டிமீட்டர். வருஷம் முழுதும் பெய்தால் 80, 90 சென்டிமீட்டர் பெய்கிற சீமை அது. பாதி வருஷத்து மழைக்கு மேல் ஒரே நாளில் அதன் தலையில் விழுந்தது. ஓர் ஏக்கர் நிலத்தில் 50 சென்டிமீட்டர் மழை என்றால் 20 லட்சம் லிட்டர் தண்ணீர். ஒரு ஊருக்கு எத்தனை ஏக்கர், ஒரு தாலூகாவுக்கு எத்தனை ஏக்கர் என்று வாசகர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

செத்த புயலுக்கு இவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். இதில் தேவரகசியம் ஒன்றுமில்லை. நம் வீட்டுச் சமையற்கட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. இட்லிப் பானை அடுப்பின் மேல் கொதிக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டோம், சத்தம் நின்றுவிட்டது. ஆனால் உடனே மூடியைத் திறந்து கையை நீட்டினால் என்ன ஆகும்? ஆவி கையைச் சுட்டுவிடுகிறதா, இல்லையா? புயலுக்குக் கடல்தான் அடுப்பு. சூடான கடல் நீரிலிருந்து எழுகிற ஆவியைத் தின்றுதான் அது சுழல்கிறது. தரைக்கு வந்தவுடன் தீனி நின்றுபோகிறது. மரமும் மேடும் வீடும் தடுக்க, காற்றின் வேகம் அடங்கிப்போகிறது. ஆனால் அது கடலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த ஆவி எங்கே போயிற்று? ஒரு இடத்திற்கும் போகவில்லை, மேலேயேதான் இருக்கிறது. உள்நாட்டில் ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை என்று குறுக்கே மலைகள் நிற்கின்றன. ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது. மேலே ஏறினால் குளிர்கிறது. குளிர்ந்தால் ஆவி தண்ணீராகிக் கொட்டுகிறது. காற்று மெதுவாக நகர்ந்தால் ஒரே இடத்தில் கொட்டுகிறது. பூமியின் சூடு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் காற்று ஏறக்குறைய 7 சதவிகிதம் அதிக ஆவியைச் சுமக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்குச் சொல்லுகிறார்கள். சூடு ஏறிவரும் இக்காலத்தில் இனி வரும் புயல்கள் முன்னைவிடப் பெரிய தண்ணீர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

எனவே 'வலுவிழந்தது' என்கிற வார்த்தை காற்றைப் பற்றிய வார்த்தையே ஒழிய மழையைப் பற்றிய வார்த்தை அல்ல. இந்த வித்தியாசம் வானிலை இலாகாவில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைக் கேட்கிற குடியானவனுக்குத் தெரியுமா? வலுவிழந்தது என்றால் பயமில்லை என்றுதான் தமிழ் தெரிந்தவன் அர்த்தம் செய்துகொள்வான். நோய் வலுவிழந்தது என்று வைத்தியர் சொன்னால் நாம் கஞ்சியை விட்டுச் சோறு சாப்பிட ஆரம்பிக்கவில்லையா?

இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. நமது பத்திரிகைகளில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் "துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று பார்க்கிறோம். 1ஆம் எண் முதல் 11ஆம் எண் வரை கூண்டுகள் இருக்கின்றன. 1864ஆம் வருஷம் ஒரு பெரும்புயல் கல்கத்தாவையும் அங்கே நின்ற கப்பல்களையும் நாசம் செய்த பிறகு, அடுத்த வருஷமே அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 1875ல் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டது. அதாவது, நம் நாட்டுப் புயல் எச்சரிக்கை என்பது கப்பலுக்காகவும் கப்பலில் இருந்த சரக்குக்காகவும் பிறந்தது. பிறந்த இடத்தின் வாசனை இன்றும் போகவில்லை. நாகப்பட்டினத்தில் கூண்டு ஏறுகிறது, கடலூரில் ஏறுகிறது. ஊத்தங்கரையில் ஏற்றுவதற்குக் கம்பமும் இல்லை, கூண்டும் இல்லை. ஜில்லாவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மழை எச்சரிக்கை இப்போது கொடுக்கிறார்கள். அது உள்நாட்டு ஜில்லாக்களுக்கும் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் சிவப்பு என்று கேட்டவுடன் எந்தத் தெருக்காரன் எந்த மேட்டுக்குப் போகவேண்டும், மாட்டை எங்கே கட்டவேண்டும், எந்த ஏரியின் கலங்கலில் எவன் காவல் நிற்கவேண்டும் என்று அவனவனுக்குத் தெரிந்திருந்தால் அல்லவா அது எச்சரிக்கை? கடற்கரைக் குப்பத்தில் இருக்கிற மீனவனுக்குக் கூண்டின் எண் தெரியும். படகை எப்போது மேலே இழுக்கவேண்டும் என்று தெரியும். உள்நாட்டானுக்கு அப்படி ஒரு பழக்கத்தை யாரும் உண்டாக்கவில்லை.

ஊத்தங்கரையில் நடந்ததைப் படத்தில் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். ஏரி நிரம்பி வழிந்து சாலையில் ஆறாக ஓடிற்று. ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்த காரும் வேனும் ஒன்றன்பின் ஒன்றாக, திருவிழாவில் விட்ட காகிதக் கப்பலைப் போல மிதந்துகொண்டு போயின. அவைகளில் அநேகம் கடன் வாங்கி வாங்கியவை. வாடகைக்கு ஓட்டி வயிறு வளர்க்கிறவர்களுடையவை. ஏரி நிரம்பினால் தண்ணீர் போகிற வழி ஒன்று அக்காலத்தில் எல்லா ஊருக்கும் இருந்தது. கலங்கல் இருந்தது, போக்குக் கால்வாய் இருந்தது, அது அடுத்த ஏரிக்குப் போயிற்று. இன்று அந்தக் கால்வாயில் சாலையும் கடையும் கட்டடமும் வந்துவிட்டன. தண்ணீருக்குப் பழைய பத்திரம் ஞாபகம் இருக்கிறது; மனிதன்தான் மறந்துவிட்டான்.

இதோடு போகவில்லை. ஊத்தங்கரையிலும் அரூரிலும் ஜவ்வாது மலையிலும் விழுந்த தண்ணீர் அங்கேயே நிற்குமா? தென்பெண்ணையில் இறங்கிற்று. சாத்தனூர் அணை 1958ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு உயரம் 119 அடி. டிசம்பர் 2ந் தேதி விடியற்காலை, ஜனங்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கிற வேளையில், அந்த அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கீழே மூன்று மாதங்களுக்கு முன்புதான் திறப்பு விழா நடந்த ஒரு பெரிய பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களில் வயல்களும் வீடுகளும் முழுகின. அரசூர் அருகே சென்னை - திருச்சி சாலையையே வெள்ளம் துண்டாக்கிற்று. கடற்கரை ஜில்லாக்காரர்கள் புயல் முன்வாசல் வழியாக வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு தப்பினார்கள். அதே புயல் மலைக்குப் போய், ஆறாக மாறி, பின்வாசல் வழியாக வந்து அவர்களைப் பிடித்துக்கொண்டது! சரியானபடி முன்னெச்சரிக்கை கொடுக்காமல் திறந்துவிட்டார்கள் என்று எதிர்க்கட்சியினர் குற்றம் சாட்டினார்கள். பல தடவை எச்சரிக்கை கொடுத்தோம் என்று சர்க்கார் பதில் சொல்லிற்று. இதில் யார் சொல்வது மெய் என்று விசாரிப்பதைவிட நாம் கேட்பது வேறு. எச்சரிக்கை அணையிலிருந்து புறப்பட்டதா என்பது ஒரு கேள்வி. அது ஆற்றங்கரைக் குடிசையில் தூங்கிக்கொண்டிருந்தவனுடைய காதில் போய்ச் சேர்ந்ததா என்பது மற்றொரு கேள்வி. முதல் கேள்விக்கு ஆபீசில் கடிதம் இருக்கும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட உத்தியோகஸ்தர் யார்?

இனித் திருவண்ணாமலைக்கு வருவோம். டிசம்பர் 1ந் தேதி மாலையில், மலைச்சரிவில் இருக்கிற வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தன. 7 பேர் மாண்டார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, மேலே இன்னும் ஒரு பாறை எப்போது உருளுமோ என்ற நிலையில், மீட்புப் படையினர் இரண்டு நாள் சேற்றைத் தோண்டி உடல்களை எடுத்தார்கள். அந்த மனிதர்களுடைய துணிவையும் உழைப்பையும் நாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

இது நடந்தவுடன் என்ன பேச்சுக் கிளம்பிற்று? "மலை கோபித்துக்கொண்டது", "ஏதோ தோஷம்", "கலி முற்றிவிட்டது" என்று ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். திருவண்ணாமலையில் மலையே கடவுள் என்பது பக்தர்களுடைய நம்பிக்கை. நாம் கேட்கின்றோம்: கோபம் என்றால் யார்மீது கோபம்? ஐந்து குழந்தைகள் மீதா? அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? போன ஜன்மத்துப் பாவம் என்று சிலர் வாய் கூசாமல் சொல்வார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல அவர்களுக்கு மனம் வருமா? அப்படி ஒரு சமாதானத்தால் துக்கப்பட்டவருக்கு ஆறுதல் கிடைப்பதுமில்லை. அடுத்த பாறையின் கீழ் இருக்கிறவர் தப்புவதுமில்லை. லாபமடைகிறவர்கள் ஒரே ஒரு வகுப்பார்தான். சரிவிலே வீடு எழும்புவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள், மின்சார இணைப்புக் கொடுத்தவர்கள், வரி வாங்கியவர்கள், வோட்டு வாங்கியவர்கள் ஆகிய இவர்கள் எல்லோரும் கடவுள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். கடவுள் செயல் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எந்த மனிதன் செயல் என்று பிறகு யாரும் கேட்கப்போவதில்லை.

ஆனால் அதே திருவண்ணாமலையில் அந்த மாதத்திலேயே வேறொரு காரியமும் நடந்தது. அதை நம் பகுத்தறிவுத் தோழர்கள்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கின்றோம். அவ்வருஷம் கார்த்திகை தீபம் டிசம்பர் 13ந் தேதி வந்தது. மலைச்சரிவு நடந்து பன்னிரண்டே நாள். வழக்கப்படி பக்தர்களை மலைமேல் ஏறவிடலாமா கூடாதா என்கிற கேள்வி வந்தது. சர்க்கார் யாரைக் கேட்டார்கள்? ஜோசியரைக் கேட்டார்களா? பூ கட்டிப் போட்டுப் பார்த்தார்களா? இல்லை. மண்ணியல் நிபுணர்களை மலைமேல் ஏற்றினார்கள். அவர்கள் மண்ணைப் பார்த்தார்கள், பாறையைப் பார்த்தார்கள், எவ்வளவு தண்ணீர் ஊறியிருக்கிறது என்று பார்த்தார்கள். அவர்களுடைய அறிக்கையின் பேரில், கொப்பரையும் நெய்யும் கொண்டுபோக வேண்டிய ஆட்களைத் தவிரப் பக்தர்கள் யாரும் ஏறக்கூடாது என்று உத்தரவாயிற்று. தீபமும் எரிந்தது; ஜனங்கள் கீழேயிருந்து பார்த்தார்கள். இந்த உத்தரவுக்காகச் சர்க்காரை நாம் தாராளமாகப் பாராட்டுகின்றோம். கடவுளாகவே கும்பிடப்படுகிற ஒரு மலையின் யோக்கியதையை மண்ணியல் நிபுணர் பார்த்துச் சொல்ல, அதைப் பக்தர்களும் ஏற்றுக்கொண்டது சாதாரண விஷயமல்ல.

நம்முடைய ஆக்ஷேபணை அதற்கு அடுத்தபடியில் இருக்கிறது. திருவிழாவுக்கு ஒரு இரவு ஏறி இறங்குகிற கூட்டத்திற்காக மண்ணைப் பரிசோதிக்க வேண்டுமென்று தோன்றிய சர்க்காருக்கு, அதே மலையின் அடியில் வருஷம் 365 நாளும் படுத்துறங்குகிற குடும்பங்களுக்காகப் பரிசோதிக்க வேண்டுமென்று முன்பே ஏன் தோன்றவில்லை? ஏறுகிறவன் உயிர் உயிர், குடியிருக்கிறவன் உயிர் உயிரல்லவா? இதற்குப் பதில் வேண்டும்.

மலைச்சரிவில் யார் போய்க் குடியேறுகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். கிரிவலப் பாதையைச் சுற்றி மனை விலை ஏறிற்று. விடுதிகளும் மாளிகைகளும் வந்தன. சமதரை நிலம் பணக்காரனுக்குப் போயிற்று. கூலி வேலைக்காரனுக்கும், சின்னச் சம்பளக்காரனுக்கும் ஒன்று மலைச்சரிவு, அல்லது ஏரிப் பொறம்போக்கு, அல்லது ஆற்றங்கரை. கிராமங்களிலோ இதற்கு ஜாதியும் சேர்ந்துகொள்ளுகிறது. ஊர் என்பது மேட்டில் இருக்கும். சேரி என்பது பள்ளத்தில் இருக்கும். இந்த ஏற்பாட்டை இயற்கை செய்யவில்லை, மழை செய்யவில்லை. தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் போகும். அது அதன் சுபாவம். அந்தப் பள்ளத்தில் இன்னாரைத்தான் குடிவைக்கவேண்டும் என்று செய்து வைத்தது மனிதனுடைய அயோக்கியத்தனம். வெள்ளம் ஜாதி பார்ப்பதில்லை என்று மேடைகளில் பேசுகிறார்கள். வெள்ளம் பார்க்க வேண்டியதில்லையே. நாம்தான் பார்த்துப் பார்த்து அதன் வழியில் ஆளை உட்கார வைத்திருக்கிறோமே!

நிற்க, வானிலை இலாகாவைப் பற்றி ஒரு வார்த்தை. பெஞ்சல் விஷயத்தில் அது புயலாகும் என்றார்கள், பிறகு கரைக்கு வரும்போது தாழ்வு மண்டலமாகத்தான் வரும் என்றார்கள், பிறகு நவம்பர் 29ந் தேதி புயலாகிவிட்டது என்றார்கள். இதைக் கண்டு பலர் கேலி செய்தார்கள். "இதற்குப் பஞ்சாங்கமே தேவலை" என்று ஒரு பெரியவர் நம்மிடம் சொன்னார். பஞ்சாங்கம் என்ன சொல்லுகிறது? சித்திரை மாதமே அந்த வருஷத்துக்கு இத்தனை மரக்கால் மழை, அதில் கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை பங்கு, நிலத்தில் இத்தனை பங்கு என்று எழுதி வைத்துவிடுகிறது. எந்த மலை? எந்தத் தாலூகா? எந்தத் தேதி? இது ஒன்றும் கிடையாது. தவறிவிட்டது என்று பஞ்சாங்கக்காரர் என்றைக்காவது ஒப்புக்கொண்டிருக்கிறாரா? வானிலை சாஸ்திரியோ காலையில் சொன்னதை மாலையில் மாற்றுகிறார். ஏனென்றால் மாலையில் அவருக்குப் புதிய அளவுகள் வந்துவிட்டன. மாற்றிக்கொள்ளத் தெரிந்ததுதான் அறிவு, மாற்றிக்கொள்ளாதது மந்திரம். கேலி செய்யவேண்டியது மாற்றிச் சொன்னதை அல்ல. மாற்றிச் சொன்னதைக் கடைசி வீடு வரைக்கும் அன்றே கொண்டுபோகிற ஏற்பாடு இல்லாமலிருப்பதைத்தான் கேலி செய்யவேண்டும்.

இந்தக் குருட்டுத்தனம் நமக்கே சொந்தமென்று நாம் சொல்லவில்லை. பெரிய விஞ்ஞான தேசம் என்று பேர் வாங்கிய அமெரிக்காவிலும் அதே 2024ஆம் வருஷம் செப்டம்பர் 26ந் தேதி 'ஹெலீன்' என்ற கடும்புயல் ஃபிளாரிடா கரையில் ஏறிற்று. மறுநாள் காலை, அங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கடல் மட்டத்திலிருந்து 2000 அடிக்கு மேல் உயரத்திலிருக்கும் ஆஷ்வில் என்ற மலை நகரம் வெள்ளத்தில் முழுகிற்று. புயலுக்கும் வெப்பத்துக்கும் பயந்தவர்கள் போய்ப் பத்திரமாகக் குடியேறலாம் என்று பலர் நினைத்திருந்த ஊர் அது! அந்த மாகாணத்தில் மட்டும் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். குழாயில் குடிக்கத்தக்க தண்ணீர் திரும்பி வர 53 நாட்கள் ஆயின. இதில் வேடிக்கை என்னவென்றால், 1916ஆம் வருஷம் ஜூலையில் இப்படியே கடலிலிருந்து வந்த புயல்களின் மிச்சம் அதே மலைகளில் விழுந்து, அதே ஆறு அதே ஊரை முழுகடித்திருக்கிறது. 108 வருஷத்தில் மறந்துவிட்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகு அங்கேயும் ஒரு மூடப்பேச்சுக் கிளம்பிற்று. சர்க்காரே புயலைக் கட்டி ஏவிவிட்டது என்று! ஏவலும் பில்லி சூனியமும் நம் நாட்டுச் சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கோட்டும் சராயும் போட்டுக்கொண்டு அவை அங்கேயும் நடமாடுகின்றன.

இதைவிடக் கொடுமை சீனாவில் 1975ல் நடந்தது. 'நீனா' என்ற புயல் ஆகஸ்டு மாத ஆரம்பத்தில் ஃபூஜியான் கரையில் ஏறி, ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் உள்ளே போய், ஹெனான் மாகாணத்தில் நின்றுவிட்டது. ஒரு நாளில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை! 8ந் தேதி விடியுமுன் பான்சியாவ் அணை உடைந்தது. அதோடு சேர்ந்து சிறிதும் பெரிதுமாகப் பல டஜன் அணைகள் உடைந்தன. செத்தவர்கள் 26 ஆயிரம் என்று சர்க்கார் கணக்கு. பின்னால் வந்த பசியையும் நோயையும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்று வேறு கணக்குகள். அந்த அணைக்கு 12 மதகுகள் வேண்டுமென்று சென் ஷிங் என்ற நீரியல் வல்லுநர் முன்பே சொல்லியிருந்தார். அது வீண் செலவு, மிதமிஞ்சிய பயம் என்று 5 மதகுகளோடு நிறுத்தி, அவரையும் வேலையிலிருந்து தள்ளி வைத்தார்கள். அறிவுள்ளவன் பேச்சைக் கேட்காத சர்க்கார் கடவுள் உண்டு என்றாலும் ஒன்றுதான், இல்லை என்றாலும் ஒன்றுதான்.

நமது நாட்டிலேயே 2018ஆம் வருஷம் நவம்பர் 16ந் தேதி வேதாரண்யத்தில் கரை ஏறிய 'கஜா' புயல் புதுக்கோட்டை, திண்டுக்கல் வழியாகக் கேரளத்துக்குப் போனதை மறந்திருக்கமாட்டார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு படுத்தன. கொடைக்கானல் மலையில்கூட மண் சரிந்து உயிர்கள் போயின. அப்போதே இந்தப் பாடத்தைப் படித்திருக்கலாம். ஆறு வருஷம் கழித்து மறுபடியும் முதல் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

இனிமேல் ஆகவேண்டியதைப் பற்றி நமக்குத் தோன்றுவதைச் சொல்லுகின்றோம். சரிவிலே இருப்பவர்களை 'ஆக்கிரமிப்பாளர்' என்று பேர் வைத்து, போலீசைக் கொண்டு இடித்துத் துரத்துவது சுலபம். அது மழையில் செத்திருப்பான், வெயிலில் சாகட்டும் என்பதற்கு ஒப்பாகும். அவர்களுக்குச் சமதரையில், பிழைப்புக்குக் கிட்டத்தில், பட்டாவோடு மனை கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டுப் பிறகு சரிவைக் காலி செய்யட்டும். நிலமில்லை என்று சொல்ல வேண்டாம். கோயில் பேராலும் மடத்தின் பேராலும் எவ்வளவு நிலம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அணை திறப்பதைப் பற்றிய சேதி ஜில்லா ஆபீசோடு நிற்காமல், ஆற்றங்கரையில் ஒவ்வொரு தெருவுக்கும் பேர் குறித்த ஒரு மனிதனிடம் போகவேண்டும். அவன் போய்க் கதவைத் தட்டினான் என்று கையெழுத்து வாங்கவேண்டும். செல்போனில் சேதி அனுப்பினோம் என்பது போதாது. மின்சாரம் போய் ஒரு பகல் ஒரு இரவு ஆனால் எத்தனை போனில் உயிர் இருக்கும்? தண்டோராவைக் கேவலமாக நினைக்கவேண்டாம். சாவுக்கும் வரிக்கும் அடித்த தண்டோராவை உயிர் காக்க ஒரு தடவை அடித்துப் பார்க்கலாம். அதையும் ஒரு ஜாதியார் தலையில் கட்டாமல், பஞ்சாயத்துச் சம்பளம் வாங்குகிற எவரும் அடிக்கலாம். ஏரிகளின் போக்குக் கால்வாய்கள் எந்த எந்தச் சர்வே நம்பரில் போகின்றன என்ற விவரம் தாலூகா ஆபீசுப் பெட்டியில் தூங்குகிறது. அதை எடுத்து ஊர்ச் சாவடியில் ஒட்டினாலே, கால்வாயில் கட்டடம் கட்டியவர் யார் என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும். ஒட்டாமலிருப்பதற்கும் அதுவே காரணமென்று நினைக்கின்றோம்.

இவையெல்லாம் சர்க்கார் செய்யவேண்டியவை. ஜனங்கள் தாமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செலவு அற்பம். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும், அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கிற ஒரு நேர் பாத்திரத்தை மரமும் கூரையும் மறைக்காத திறந்த வெளியில் வைக்கட்டும். தினம் காலை எட்டரை மணிக்கு ஒரு பிள்ளை அளவுகோலைவிட்டு எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து நோட்டில் எழுதட்டும். வானிலை இலாகாவும் அதே எட்டரை மணிக்குத்தான் நாள் கணக்கை முடிக்கிறது. பெருமழை என்றால் மணிக்கு ஒரு தடவை பார்க்கட்டும். மேலூரில் ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் என்று தெரிந்தால், கீழூர்க்காரன் தூங்காமல் இருப்பான். நோட்டு எழுதுகிற பிள்ளை பறைச்சேரிப் பிள்ளையாகவும் இருக்கட்டும், பெண் பிள்ளையாகவும் இருக்கட்டும். மாதம் முடிந்ததும் அந்தக் கணக்கை ஊர்ச் சாவடியில் எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிடட்டும். பஞ்சாங்கம் மாட்டியிருக்கிற ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடிக்க இடம் இருக்கிறது.